வெட்டுப்புள்ளி

சங்கக்கடையில் எனக்கு நிறுக்கிற வேலை.
தலைக்கு மேலே நிறம் போன பச்சைப் பலகை:
ஒருவர் எல்லோருக்காகவும்
எல்லோரும் ஒருவருக்காகவும்.
பதினொரு வருடமாய் அதன் கீழே நின்றுதான்
பருப்பும் சீனியும் சரை கட்டுகிறேன்.

வீட்டுக்கு வந்து அதே வாயால் சொன்னேன்:
"கொப்பியை ஒருத்தருக்கும் காட்டாதை, பிள்ளை.
டியூசனிலை தந்த மாதிரித்தாளை
பாக்குக்குள்ளை மடிச்சு வை."
ஆதிரை தலையாட்டினாள்.
புலமைப்பரிசிலுக்கு அப்போது
இன்னும் ஒன்பது நாள்.

முடிவு வந்த இரவு
இணுவில் முழுக்கப் போனும் கையுமாய் நின்றது.
எங்கள் ஒழுங்கையில் நாய்கூடக் குரைக்கவில்லை.
வெட்டுப்புள்ளிக்கு இரண்டு குறைவு இவளுக்கு.
பின்வளவுத் துளசிகாவுக்கு
ஒன்று கூட.

"அவளுக்குப் பின்னக்கணக்கு விளங்கேல்லை அம்மா.
நான்தான் மதிலாலை எட்டி
ஒரு கிழமை சொல்லிக் குடுத்தனான்.
ரொட்டியைப் பிச்சுக் காட்டினாப்போலை
டக்கெண்டு பிடிச்சிட்டாள்."

சொல்லும்போது
அவள் முகத்தில் இருந்தது
தோற்றவளின் முகமில்லை.
அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.
ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
பாணை எடுத்து வெட்டினேன்,
துண்டு துண்டாய், தேவைக்கு மேலாய்.

விடியக் கடை திறக்க
முதல் ஆளாய்த் துளசிகாவின் தாய்.
என் மகளின் புள்ளியை அவள் கேட்கவில்லை.
தன் மகளின் புள்ளியைச் சொல்லவுமில்லை.
பாயாசத்துக்கு ஒரு கிலோ சீனி என்றாள்,
பாயாசம் என்ற சொல்லில் மட்டும்
குரலைத் தாழ்த்தி.

முள் நேரே நின்றது.
அதற்குப் பிறகும் கரண்டி
ஒருமுறை அசைந்தது.
போட்டேனா, எடுத்தேனா,
கேட்டால் சொல்லத் தெரியாது.