இழுபறி

ஜனவரி. கொட்டகைக் கதவை உறைபனி ஒட்டி வைத்திருக்கிறது.
விஸ்கான்சினில் இந்த மாதம் எல்லோருக்கும்
ஆகஸ்டைப் பற்றித்தான் பேச்சு:
கவுண்டிப் பொருட்காட்சி, களிமண் தடம், முந்நூறு அடி.
சறுக்குவண்டியை இழுக்க இழுக்க
அதன் முதுகிலுள்ள பாரம் முன்னால் நகர்ந்து வரும்.
கட்டக் கட்ட ஏறுகிற வட்டி மாதிரி
என்பாள் ஆர்டிஸ்.
வங்கியில் பதினாறு வருஷம் இருந்தவள்.

பிக்கப்பின் மூக்கு திறந்தபடி, உள்ளே ஒன்றுமில்லை.
தீவன பில்லின் பின்பக்கம் கணக்குப் போட்டோம்.
டூராமேக்ஸ் நல்லதுதான்,
ஆனால் அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும்,
கம்ப்யூட்டருக்குக் காசு வேண்டும்.
ஜெரோம் கிரெப்ஸின் பழைய இரும்புக்கடையில்
பனிக்கடியில் ஒரு ரொட்டி வண்டி கிடந்தது.
அதற்குள் கம்மின்ஸ்,
வரிசையாய் ஆறு சிலிண்டர், பன்னிரண்டு வால்வு,
மூளை கிடையாது, பம்பும் திருகாணியும்தான்.
"நாலு லட்சம் மைல் ரொட்டி சுமந்திருக்கு" என்றான்.
ஆர்டிஸ் குனிந்து மோந்து பார்த்தாள்.
"டீசல் நாத்தம்தான். ஏமாத்துறான். வாங்கு."

முன்பக்க மூடிக்குள் ஒரு முளையாணி இருக்கும்.
சுண்டுவிரல் நகம் அளவு.
கழன்று பல்சக்கரத்தில் விழுந்தால் எல்லாம் போச்சு.
ஒரு தகடு வைத்து அதை அடைத்தேன்.
இன்ஜின் விவகாரம் ஒரு மத்தியானத்தில் முடிந்தது.

கியர்பாக்ஸுக்கு மூன்று வாரம்.

நான் ஆட்டோமேட்டிக் என்றேன்.
டர்போவுக்கு மூச்சு நிரம்பும்வரை பிரேக்கில் நிறுத்தலாம்,
புறப்பாடு வெண்ணெய் போல இருக்கும் என்றேன்.
"வெண்ணெய் உருகும்.
உன் கன்வெர்ட்டரில் எண்ணெய் கொதிக்கும்" என்றாள்.
கையால் போடுவதில் ஐந்து கியர்,
எதற்கு அந்தத் தொல்லை என்றேன்.
"பாரம் ஏறும்போது மாத்தினா வண்டி அங்கேயே நிக்கும்.
அஞ்சு இருந்தாலும் ஓடுறது ஒண்ணுல.
முந்நூறு அடியும் ஒரே கியர்."

எனக்கும் தெரியும்.
சூட்டின் அளவு, பல்லின் விகிதம், எண்ணெயின் விலை என்று
எண்ணாய்ச் சொல்லிக்கொண்டே போனேன்.
எண்களில் பொய் சொல்வது சுலபம்.
போன குளிர்காலத்துக்கு முந்தையதில்
சைலோ ஏணியின் பனியில் வழுக்கினாள்.
இடது முட்டியில் ஆறு ஸ்க்ரூ.
இரட்டைத் தட்டுக் கிளட்சை மிதிப்பது
வாசலை மறித்த கன்றுக்குட்டியைக் காலால் தள்ளுவது போல.

ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.
"நீ நினைக்கிறது முட்டி.
வாய் மட்டும் கன்வெர்ட்டர்னு சொல்லுது."

பிறகு இன்ஜினில்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.
பெடலில் தொழுவக் கதவின் ஸ்பிரிங்கை
என்னையே மாட்டச் சொன்னாள்.
மிதித்தாள். கடிகாரம் என் கையில்.
பதினொன்றில் தொடை நடுங்கியது.
பத்தொன்பதில், அந்தக் குளிரிலும், நெற்றி ஈரம்.
இருபத்தாறில் விட்டாள்.
பெடல் கூரை அதிர அடித்தது,
நாய் எழுந்து வெளியே போனது.

"விடுறதுக்கு முட்டி வேண்டாம்" என்றாள் மூச்சு வாங்க,
"பிடிச்சுக்கிட்டு இருக்கத்தான் வேணும்.
கொடி விழ எவ்வளவு நேரமாகும்?"
கொடி ஆட்டுவது நார்பர்ட் டெஷ்.
ஒரு கையில் எப்போதும் சாசேஜ் இருக்கும்.
நான் அதைச் சொல்லவில்லை.
அவளுக்கும் நார்பர்ட்டைத் தெரியும்.

சாயங்காலம் ஜெரோம் கூப்பிட்டான்,
எந்தப் பெட்டியை எடுத்து வைக்கட்டும் என்று.
போனை அவளிடம் நீட்டினேன்.
"கையால் போடுறது" என்றாள். வைத்துவிட்டாள்.
அடுப்பருகே காலை நீட்டிக்கொண்டு,
என்னைப் பார்க்காமல்:
"பெடல் தண்டை ரெண்டு அங்குலம் நீளமாக்கு.
மிதிக்க லேசாயிருக்கும்."

வெல்டிங் முகமூடியை இறக்கினேன்.
மூன்று அங்குலம் வைத்திருக்கிறேன்.
கேட்டால் இரண்டு என்பேன்.