எடுத்தால் உடையும்

பாயான் லெப்பாஸில் மழை.
மூன்றாம் மாடியில் நானும் மூன்று இயந்திரங்களும்.
ஒன்று லினக்ஸ், ஒன்று விண்டோஸ்,
மற்றது ஊய் செங் ஹுவாட் விடுப்பில் போகும்போது
பூட்டாமல் விட்டுப்போன மேக்.

ஒரே மென்பொருள்தான்.
துண்டுகளைக் கோக்கும் லிங்கருக்கு
ஒவ்வொரு வாசலிலும் வேறு கொடி பிடிக்க வேண்டும்.
எண்ணினேன்: நாற்பத்தொன்று.
விண்டோஸ் என்றால், இல்லையென்றால்,
அதுவும் இல்லையென்றால் என்று
கிளைக்குள் கிளை விட்டுப் படர்ந்து
வேர் எது நுனி எது தெரியாத கொடி.
கணித நூலகம் மட்டும் மூன்று முறை வருகிறது,
ஒரு குரலுக்கு எழாத பிள்ளையை எழுப்புவதுபோல.

லிங்கரின் நியாயம் இது:
கேட்பவர் முன்னால் நிற்க வேண்டும், கொடுப்பவர் பின்னால்.
வரிசை மாறினால்
கையில் இருப்பதையே இல்லை என்றுவிடும்.
இலாகா முகப்பில் எண்சீட்டோடு
மத்தியானம் வரை உட்கார்ந்தவளுக்கு இது புதிதில்லை.

பதினேழாம் கொடிக்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு பெயர்.
பக்கத்தில் ஒரு குறிப்பு:
"எடுத்தால் உடையும். ஏன் என்று தெரியாது. அருளப்பன், 2013."
அருளப்பனை நான் பார்த்ததில்லை.
சிங்கப்பூரில் இருக்கிறாராம்.
இத்தனை வருடமும் அந்த வரிக்கு எல்லோரும் வழிவிட்டிருக்கிறோம்,
ஐந்தடியில் படுத்திருக்கும் நாய்க்கு
விலகி நடப்பதுபோல.

எடுத்தேன்.
மூன்றும் பச்சை.
சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பிறகு கை நிற்கவில்லை.
ஒவ்வொரு நூலகமும் தனக்கு வேண்டியதைத்
தானே சொல்லட்டும் என்று மாற்றி எழுதினேன்.
முப்பது போயின. முப்பத்தைந்து.
ஃபாரிஸுக்குப் படமெடுத்து அனுப்பினேன்.
சுங்கை துவா மாமாக் கடையிலிருந்து
பாதி தின்ற ரொட்டியின் படம் பதிலாக வந்தது.

பாலத்தைப் பற்றிச் சொல்லப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள்,
தீவு, பெருநிலம், இணைப்பு என்று.
சன்னலில் தெரியத்தான் செய்கிறது.
மழையில் பாதிதான்.

பத்தே முக்காலுக்கு விண்டோஸ் சிவந்தது.
பதினொரு பெயர்களைத் தேடிக் காணவில்லையாம்,
எல்லாம் சான்றிதழ் சரிபார்க்கும் பெயர்கள்.
அவை இருந்தது பதினேழாம் கொடியில்.
காரணம் தெரியாத வேறு யாரோ
இருபத்தெட்டாம் வரியிலும் அதையே நட்டிருக்கிறார்கள்.
முதலாவதைப் பிடுங்கியபோது இரண்டாவது தாங்கியது.
இரண்டாவதையும் நான்தான் பிடுங்கினேன்,
எட்டரை மணிக்கு, விசிலடித்துக்கொண்டே.

திருப்பி நட்டேன், ஒருமுறை மட்டும்.
"விண்டோஸுக்கு. சான்றிதழ்கள் இதற்குள் இருக்கின்றன"
என்று எழுதி
அருளப்பன் பெயரை அழிக்கப் போய்
விட்டுவிட்டேன்.

மிச்சம் நான்கு கொடிகள்.
ஐந்தாவது சுங்கை ஆராவில்,
என் அடுக்குமாடியின் பின்பக்கம்,
காலையில் காயப்போட்ட துணிகளோடு
இந்நேரம் சொட்டிக்கொண்டிருக்கும்.