சுவரில் நான்கு பருவங்கள்

வட்டாரக் கல்வி அலுவலர் வியாழக்கிழமை வருகிறார்.
ஒன்றாம் வகுப்புச் சுவரில்
நான்கு பருவங்களும் இருக்க வேண்டுமாம்.
கோடைக்கு மாம்பழம் வரைந்தாயிற்று.
மழைக்குக் குடை.
குளிருக்குப் பஞ்சு ஒட்டிய மலை.
இலையுதிர் காலத்துக்குத்தான்
திருத்துறைப்பூண்டியில் என்ன செய்வது?

ஐப்பசி. வாய்க்கால் நிறைந்து
சைக்கிள் ஸ்டாண்டு வரை வந்து
எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது.
மேட்டூரில் மதகைத் தூக்கினால் ஒரு பருவம்,
இறக்கினால் இன்னொன்று,
அவ்வளவுதான் எங்கள் கணக்கு.
புத்தகத்திலோ ஒரு சிறுவன்
கழுத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு
ஆரஞ்சு இலைகளைக் காலால் உதைக்கிறான்.

"ஸ்டோர் ரூம்ல ஸ்வெட்டர் மூட்டை கிடக்கே டீச்சர்"
என்றாள் சத்துணவு செங்கமலம்.

புயலுக்குப் பிறகு லாரியில் வந்தவை.
பாய் கேட்டிருந்தோம், தார்ப்பாய் கேட்டிருந்தோம்,
மெழுகுவத்தி கேட்டிருந்தோம்.
எங்கோ ஒரு குளிர் ஊர்
தன் உடம்பிலிருந்து கழற்றி அனுப்பியது
இருநூறு ஸ்வெட்டர்களை.
வேர்க்க விறுவிறுக்க வரிசையில் நின்று வாங்கியவர்கள்
மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள்.
அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.
இன்று மூட்டையைப் பிரித்தால்
மார்பில் கொம்பு மான் போட்ட ஒன்றைப் பார்த்து
செங்கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஒன்றின் பையில்
வேர்க்கடலைத் தோல் இரண்டு,
இந்தியில் ஒரு பஸ் டிக்கெட்.
கடைசிக் கடலையை வாயில் போட்டுக்கொண்டே
கழற்றியிருப்பார் போல.
எறிய மனமில்லை.
வருகைப் பதிவேட்டுக்குள் வைத்தேன்.

வெட்டினால் நூல் ஓடுகிறது.
ஓர் இலை முடிவதற்குள்
காம்பிலிருந்து பிரிந்து பிரிந்து
கையில் மிஞ்சுவது சுருட்டை முடி.
செங்கமலம் ஓட்டை அண்டாவை அடைத்து
சோப்புத்தூள் போட்டு எல்லாவற்றையும் வேகவைத்தாள்.
அசல் கம்பளி சுருங்கித் தடித்துக்
கத்திரிக்கு அடங்கி வந்தது.
போலி மட்டும் அளவு குறையாமல் மிதந்தது.
"அதுக்கு ரோஷமே இல்ல டீச்சர்."

செங்கல் நிறம், மஞ்சள், காய்ந்த ரத்த நிறம்.
ஐந்து விரல் விரித்த இலைகள்.
ஆமணக்கு என்றான் ஹாரூன்.
பப்பாளி என்றாள் யாழ்மொழி.
சண்டை வலுத்ததால் பப்பாளி என்று முடிவானது.
கொடிக் கயிற்றில் வரிசையாகக் கோத்தோம்.

பாடத்தின் கடைசியில் இருந்த கேள்வியை
பேச்சுவாக்கில் கேட்டுவைத்தேன்:
மரத்திலிருந்து இலையெல்லாம் எப்போது உதிரும்?

பொற்செழியன் கை தூக்கினான்.
"புயல் அன்னிக்கு ராத்திரி."

கத்திரிகள் நின்றன.
"எங்க தென்னை எழுபத்திரண்டு."
அவனுக்கு ஐம்பது வரைதான் எண்ணத் தெரியும்.
"எங்க வேப்பமரத்துல காலைல ஒரு இலை இல்ல,
வீட்டுக்குள்ள ஒரே வெளிச்சமா இருந்துச்சு"
என்றாள் யாழ்மொழி,
வெளிச்சம் என்ற சொல்லை
யாரோ கொடுத்த பரிசு போலப் பிடித்துக்கொண்டு.
அப்போது இவர்களுக்கு மூன்று வயது.
விடைக் குறிப்பில் வேறு இருந்தது.
நான் திருத்தவில்லை.
திருத்துவதற்கு எனக்கு என்ன தெரியும்?
அந்த இரவு நானும் கட்டிலுக்கு அடியில்தான் இருந்தேன்.

பொற்செழியன் மூட்டைக்குள் தலையை விட்டு
ஒரு பச்சை ஸ்வெட்டரை இழுத்தான்.
கையை மட்டும் வெட்டி
இரு பக்கமும் கீறிக் கீறிக்
கீற்றாக்கினான்.
பச்சை இந்தப் பருவத்தில் வராதே என்றேன்.
"இது எங்க வீட்டுக் கன்னு, வச்சாச்சு டீச்சர்"
என்று பசையை முழுப் பாட்டிலும் கவிழ்த்து
சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான்,
மணியடித்த பிறகும்.

வியாழக்கிழமை மழை விடுமுறை.
அலுவலர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பூட்டைத் திறந்தால்
அறை முழுக்க ஈரக் கம்பளி வாசம்,
அறியாத யாருடைய அலமாரியோ போல.
உதிர வேண்டியவை எல்லாம்
கயிற்றில் பத்திரமாக இருந்தன.
பச்சைக் கீற்று தரையில் கிடந்தது.

பிள்ளைகள் வர இன்னும் பத்து நிமிடம்.
மேசை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டிக்
குண்டூசி தேடினேன்.