இருபத்தேழு மில்லிமீட்டர்

சேலம் அடிவாரத்தில் கண்டக்டர்
"இது செல்லாதும்மா, வேற குடு" என்று
திருப்பித் தந்த பத்து ரூபாய் நாணயம்
ஏற்காட்டில், எங்கள் ஆய்வகத்தில்,
ஸ்கேனர் கண்ணாடிமேல்
இருபத்தேழு மில்லிமீட்டருக்குச் செல்லும்.

பக்கத்தில் காபி இலையை
வயிறு படியப் படுக்கவைப்பேன்.
துரு வயிற்றில்தான் பிடிக்கும்.
எடுக்கும்போது கண்ணாடியில்
ஆரஞ்சுப் பொடி கொஞ்சம் தங்கும்.

நாணயத்தின் குறுக்கே கோடு இழுத்து
மென்பொருளிடம் சொல்ல வேண்டும்:
இவ்வளவு தூரம் இருபத்தேழு.
சொல்லாவிட்டால் திரையின் பிக்சல்களை
எண்ணித் தள்ளும், கூசாமல்.
ஜூலையில் ஒரு வாரம் அப்படித்தான் தள்ளியது.
இலையைவிடப் பெரிய நோய்
ஆறு வரிசைகளில் இருந்தது.
இன்னாசி சார் படித்துவிட்டு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை நாகலூர்த் தோட்டம்.
கரியராமன் மழையில் நனைந்து,
இலைகளை நனையாமல் கொண்டுவந்திருந்தார்.
ஒவ்வொரு புள்ளியையும் மவுஸால் சுற்றிவந்தேன்.
அறுபத்து மூன்றாம் இலை.
இருநூற்றுப் பதினொரு வரிசைகள்
பெயர் வைக்காத ஒரு ஜன்னலில்
கீழே கீழே ஓடிக்கொண்டிருந்தன.

எங்கோ ஒரு சில்வர் ஓக் கிளை
கம்பிமேல் சாய்ந்தது.
யூபிஎஸ் நாலு முறை கத்தியது.
"சேமிக்கவா?" என்று கேட்கக்கூட
அதற்கு நேரமில்லை.

இருட்டில், ஞாபகத்தில் இருந்ததை
உள்ளங்கையில் எழுதினேன்:
பதினேழாம் இலை, காம்பருகே,
நாலு புள்ளி ஒன்று இரண்டு.
அது ஒன்றுதான் இருந்தது.

ஐந்தரைக்கு மின்சாரம் வந்தது.
படங்கள் பத்திரம்.
இலைகள் இருந்தன, துருவும் இருந்தது.
நான் பார்த்தது மட்டும் இல்லை.

மறுபடி.
பதினேழாம் இலை, காம்பருகே,
மூன்று புள்ளி எட்டு ஏழு.
அதே படம், அதே நாணயம்.
மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவே
நோய் எங்கே முடிகிறது என்று
காலையில் ஒருத்தி முடிவு செய்திருக்கிறாள்,
மாலையில் இன்னொருத்தி.
காலைக்காரி கொஞ்சம் தாராளம்.
மாலைக்காரிக்குக் கடைசி பஸ் கவலை.

அந்த அவசரத்தில்
நாணயத்தையும் ஒரு புள்ளியாகச் சுற்றிவிட்டேன்.
ஐந்நூற்று எழுபத்திரண்டு சதுர மில்லிமீட்டர்!
சேர்வராயன் மலை காணாத துரு.
அழிக்கப் போன விரல் நின்றது.
ஆரம் பதிமூன்றரை;
பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன்.
சரி.
அன்று நான் அளந்ததில்
விடை முன்கூட்டியே தெரிந்த பொருள்
அது ஒன்றுதான்.

அதிலிருந்து எந்தத் தோட்டமானாலும்
முதல் வரிசை நாணயம்.
எழுபத்திரண்டை ஒட்டி வந்தால்தான்
இலைக்குப் போவேன்.
இலைக்கு ஒரு கோப்பு. கோப்பின் பெயரில்
தோட்டம், தேதி, எண்,
அளந்தது காலையா மாலையா.
உள்ளங்கை எண்ணையும்
கழுவும் முன் தட்டி வைத்தேன்,
குறிப்புக் கட்டத்தில்:
"நினைவிலிருந்து. கணக்கில் சேர்க்க வேண்டாம்."

கண்ணாடியைத் துடைத்தேன்.
நாணயம் பர்ஸில் ஏறியது.
இறங்கும் பஸ்ஸில் வேறொரு கண்டக்டர்,
சின்னப் பையன்,
சில்லறை இல்லையென்று சலித்துக்கொண்டிருந்தான்.
எடுத்து நீட்டப்போன கை
இரண்டாவது கொண்டை ஊசி வளைவில்
பாதியில் நின்றது:

இவன் வாங்கிக்கொண்டால்?