வெற்று, வெற்று, படம்

பூடோ துறைமுகத்தில் நவம்பரில்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
விளக்கைப் போட்டுக்கொண்டு
படகுக் கம்பெனியின் இணையப் பக்கத்தைப்
பிரித்துக்கொண்டிருந்தேன்.

அட்டவணைக்குள் அட்டவணை,
அதற்குள்ளும் ஒன்று. மொத்தம் பதினேழு.
இலச்சினை நழுவாமலிருக்க ஒரு கட்டம்,
மெனு சாயாமலிருக்க ஒன்று.
இடைவெளி தேவைப்பட்ட இடத்திலெல்லாம்
கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படத்தை
அகல இழுத்து முட்டுக்கொடுத்திருந்தாள்
ரக்ன்ஃப்ரீட்.

"ஐந்து வருஷமாக விழவில்லையே" என்றாள்.
உண்மைதான்.
நான் கட்டியதோ அன்று மதியத்துக்குள்
மூன்று முறை சரிந்து
வலப்பக்கம் இடப்பக்கத்துக்கு அடியில் போய்க் கிடந்தது.

அப்போதுதான் தூர்லைவ் தொலைபேசியில் வந்தார்.
ஸ்கார்வோய் தீவில்
மீன் பண்ணைக்குக் கணக்கு எழுதுபவர்.
பார்வை கிடையாது.
கணினி வாசிப்பதைக் கேளுங்கள் என்று
ரிசீவரை அதன் பக்கத்தில் வைத்தார்:

அட்டவணை. வரிசை ஏழு, பத்தி மூன்று.
வெற்று.
வெற்று.
அட்டவணை. வரிசை இரண்டு.
வெற்று. வெற்று. படம்.
அட்டவணை.

"படகு எத்தனை மணிக்கு என்று கேட்டால்
சுவரை எண்ணிக்கொண்டிருக்கிறது இது" என்றார்.
ரக்ன்ஃப்ரீட் காப்பிக் கோப்பையை
வைக்க இடம் தேடினாள்.

எனக்கு வந்ததே வீரம்.
பதினேழையும் இரவோடிரவாக இடித்தேன்.
ஒன்றையும் விடவில்லை,
படகு நேரங்கள் இருந்ததைக்கூட.
கண்ணுக்கு எல்லாம் அப்படியே அழகாகத்தான் நின்றது.

அடுத்த திங்கள் மீண்டும் அவர் குரல்.
ஆறு நாற்பது ஏழு ஐந்து பதினொன்று இருபது இல்லை
எட்டு ஐம்பது இல்லை இல்லை
என்று ஒரே மூச்சில் ஓடுகிறதாம்.
எந்தத் துறை, எந்தக் கிழமை?
வெள்ளிக்கிழமைப் படகுக்குச்
சனிக்கிழமை போய் நின்றிருக்கிறார்,
ஆலங்கட்டி மழையில் இரண்டு மணி நேரம்.
கோபமே இல்லாமல் சொன்னார்.
அதுதான் தாங்கவில்லை.

"நகரு" என்றாள் ரக்ன்ஃப்ரீட்.
குத்திக் காட்டவில்லை.
மேலே கிழமைகள், இடப்பக்கம் துறைகள்,
ஒவ்வொரு தலைப்பும் தலைப்பு என்று பெயர் சொல்ல
ஒரே ஒரு அட்டவணை கட்டினாள்.
அதற்குள் வேறெதுவும் இல்லை.
இருவரும் ஒலியைக் கூட்டிவைத்துக் கேட்டோம்:
சனி. ஸ்கார்வோய். பதினொன்று இருபது.

அவளுடைய அந்தப் புள்ளிப் படத்தை
நான் அழிக்கவில்லை.
சர்வரில் எங்கோ கிடக்கிறது,
நாற்பத்து மூன்று பைட்,
எதையும் தாங்காமல்.