கலங்கலோ, தெளிவோ

ஐப்பசி பிறக்க முன்னம்
அராலியில், வழுக்கையாற்று வெள்ளக்கட்டை
ஒருக்கா நடந்து பார்த்து எழுதுவது என் வேலை.
ஆயிரத்து நூறு மீற்றர்.
ஒரு கையில் கொப்பி, மறு கையில் குத்திப் பார்க்கக் கம்பி.

நண்டுப் பொந்து இருபத்தாறு.
உடும்பு வளை நாலு, ஒன்றுக்குள்
கம்பி முழுக்கப் போய் இன்னும் இடமிருந்தது.
மாடு ஏறி இறங்கிய இடத்தில்
கட்டு ஒரு சாண் பதிந்திருக்கிறது.
இரண்டாம் துருசின் பலகை உளுத்துப் போச்சு.
போன வருசமும் இதைத்தான் எழுதினேன்,
பேனை மட்டும் வேறு.

நடுக்கட்டில் பூவரசு.
வெட்ட வேண்டும் என்றால்
அடியில் சூலம் நிற்கிறது.
"வைரவர் காப்பார்" என்கிறார்கள் வயல்காரர்.
காக்கட்டும்.
நான் பயப்படுவது வேருக்கு.

இந்த முறை காசு வந்தது:
துருசின் கைபிடிக்கு மஞ்சள் பெயின்ற் அடிக்க.
களிமண்ணுக்கு வரவில்லை.

கார்த்திகை. மூன்று நாளாய் விடாத மழை.
இரவு இரண்டு மணிக்குப் போனில் பஞ்சாட்சரம்.
"பிள்ளை, பூவரசடியில வயல் பக்கம் கசியுது."
"கலங்கலோ, தெளிவோ?"
"இந்த இருட்டுக்குள்ள என்னெண்டு தெரியும்?"
"போத்தல் ஒண்டில பிடிச்சு
ரோச்சுக்கு நேர தூக்கிப் பாருங்கோ."

தெளிந்து கசிந்தால் வியர்வை.
அறுபது வயதுக் கட்டுக்கு வியர்க்கும்தானே.
மற்றதென்றால்
சப்பாத்து எங்கே, சாவி எங்கே,
போனில் இரையுது,
மழையோ ஆறோ தெரியவில்லை.

"பால் தேத்தண்ணி மாதிரிக் கிடக்கு, பிள்ளை."

"அடைச்சுப் போடாதேங்கோ!
முதல் மணல், மேல சல்லி, அதுக்கு மேல கல்லு.
தண்ணி போகட்டும், மண் நிக்கட்டும்."

விடியுமட்டும் பதினேழு பேர்.
கடைசி மூட்டைக்கு மணல் காணாமல்
வைரவர் கோயில் மதிலுக்குப் பறித்திருந்த குவியலை
ஒருவரையும் கேளாமல் அள்ளினார்கள்.
காத்தார்தான். நான் மறுக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தப் போத்தலை
கோப்போடு கொண்டுபோய்
பொறியியலாளர் மேசையில் வைத்தேன்.
மேலே தண்ணீர் கண்ணாடி போல.
அடியில் ஒரு விரல் உயரம் மண்.

"இது என்ன?"

"கட்டு, சேர்.
வெளிக்கிட்டிட்டுது."