ஒன்பதாம் எண் வீட்டுக்கு வண்டி இல்லை

ஊத்துக்கோட்டையில் சத்தியவேடு சாலை,
பெட்ரோல் பங்க் தாண்டி இடதுபுறம் திரும்பினால்
எங்கள் நகர். இருபத்திரண்டு வீடு, ஒரே தெரு.
போன மாதச் சங்கக் கூட்டத்தில்
சண்டை தெலுங்கில் நடந்தது,
தீர்மானம் தமிழில் எழுதப்பட்டது.

அவரவர் வண்டி அவரவர் வாசல் முன்.
பிற மாநிலப் பதிவெண் இரவு பத்துக்கு மேல் கூடாது.
கல், தொட்டி, உடைந்த நாற்காலி முதலிய பொருள்களை வைத்து
இடம் பிடிக்கக் கூடாது. மீறினால் ஐந்நூறு ரூபாய்.
செயலாளர் செங்கல்வராயன் லேமினேட் செய்து
டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தில் கட்டினார்.
முதல் மழையில் உள்ளே நீர் புகுந்து
‘கூடாது’ மட்டும் நீலமாய் ஊதிக் கிடக்கிறது.

எனக்கு வண்டி இல்லை. ஓட்டவும் தெரியாது.
அதனாலேயே என் வாசலின் இருபத்தேழு அடி
ஒரே நாளில் சொத்தாகிவிட்டது.
பதினொன்றாம் எண் கோமளா,
ஐந்து வருஷமாய் என் பெயரைத் தப்பாய்ச் சொல்பவள்,
முருங்கைக்காய் கொண்டுவந்தாள்.
மருமகனின் இன்னோவா, சனி ஞாயிறு மட்டும்.
தசரதன் மாதம் முந்நூறு தருகிறேன் என்றார்.
செயலாளரே வந்தார். தண்ணீர் குடித்தார்.
அவருக்கு இரண்டு கார், ஒரு வாசல்;
விதி எழுதும்போது அது ஞாபகம் வரவில்லையாம்.
பார்க்கலாம் என்றேன் எல்லோரிடமும்.
அந்தச் சொல்லுக்கு இத்தனை ருசி உண்டென்று
ஐம்பத்துமூன்று வயதுவரை எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாம் எண் மாடியில் வெங்கடாத்ரி.
வாடகைக்காரர், சங்கத்தில் உறுப்பினர் இல்லை.
மாடிக்கு வாசல் முன் என்று ஒன்று கிடையாது.
மதனப்பள்ளித் தக்காளியைக் கோயம்பேட்டில் இறக்கிவிட்டு
ஆந்திரா நம்பர் பிக்கப்பில் ராத்திரி இரண்டுக்குத் திரும்புவார்.
விதி வந்தபின் வண்டியை ஆற்றுப் பாலத்தருகே விட்டு
நடந்து வருகிறார்.
செவ்வாய்க்கிழமை அங்கே பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.
செருப்புச் சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரவு பத்தேகாலுக்கு
பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப்போய்
இருபத்தேழு அடிக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தேன்.
இன்னோவா வந்து ஹாரன் அடித்தது.
கோமளா செயலாளரை எழுப்பினாள்.
லுங்கியோடு வந்தவர் கண்ணாடிக்குத் திரும்பிப் போய், மறுபடி வந்து,
கம்பத்தில் டார்ச் அடித்துப் படித்தார்.
“நாற்காலி வெச்சு இடம் பிடிக்கக் கூடாதும்மா.”
“உடைஞ்ச நாற்காலின்னு போட்டிருக்கு. இது போன தீபாவளிக்கு வாங்கினது.”
“முதலிய பொருள்கள்னு…”
“நான் பொருளா சார்?”
தெலுங்கில் ஏதோ முனகத் தொடங்கினார்.
எனக்கும் தெலுங்கு வரும் என்று
பாதி வாக்கியத்தில் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

பிறகு கொசு.
நாய் ஒன்று வந்து முகர்ந்து பார்த்து,
ஆட்சேபணை இல்லை என்பதுபோல் காலடியில் படுத்தது.
இரண்டு பத்துக்குச் செருப்புச் சத்தம்.
“ஏமண்டி, கரண்ட் இல்லையா?”
“வண்டியைக் கொண்டு வாங்க.”
“ஆந்திரா நம்பர்மா.”
“இரவு பத்துக்கு மேலதான் கூடாது. இது காலை.”

நாற்காலியைத் தூக்கினேன்.
விளக்கை அணைத்த பிக்கப் பின்பக்கமாய் நுழைந்தது;
பலகை இடுக்கில் நசுங்கிய தக்காளியின் புளிப்பு
தெருவெங்கும்.

விடிந்ததும் ஐந்நூறு ரூபாயை எண்ணி எடுத்துக்கொண்டு
செயலாளர் வீட்டுக்குப் போனேன்.
ரசீது கேட்டேன்.
ரசீதுப் புத்தகம் இன்னும் அச்சாகவில்லையாம்.
அச்சானதும் சொல்லுங்கள் என்று
பணத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன்.